வலப்பக்கத்துப் பாதி

சென்னையிலிருந்து வந்த பேருந்து தினகரனைக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டபோது விளக்கு வைக்கிற நேரம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அவன் தோளில் தொங்கிய மஞ்சள் பைக்குள் ஒரு துண்டு, துண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க். மனைவியின் அஸ்தியைக்கூட அவன் இவ்வளவு பத்திரமாகத் திருமுக்கூடலுக்குக் கொண்டுபோகவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நுழைந்தான். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவன் வீட்டில் மட்டும் சத்தமில்லை. வாசலில் அக்கா அலமு நின்றிருந்தாள். இரண்டு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். தம்பி பெண்டாட்டி இளவரசி போனதிலிருந்து இந்த வீட்டுக்கும் சேர்த்து அவள்தான் உலை வைக்கிறாள்.

"இன்னாடா ஆச்சு? தொறந்தானா?"

"இல்லக்கா."

"மெட்ராஸ்காரனாலயும் முடியலியா?"

"பிரம்மாவே வந்தாலும் முடியாதாம்."

அலமு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதையேதானடா நீயும் டீக்கடைல சொல்லிக்கினு இருந்த?"

சொன்னவன்தான். அதுவும் நின்றுகொண்டு, ஒரு கையில் கண்ணாடித் தம்ளரோடு, மறு கையால் காற்றில் படம் வரைந்து சொன்னவன்.

தினகரனின் விசிட்டிங் கார்டில் 'டிஜிட்டல் ஜக்கார்டு ஆர்க்கிடெக்ட்' என்று பொன்னெழுத்தில் இருக்கும். எளிய தமிழில் சொன்னால், தறிக்காரர்கள் புடவையில் நெய்ய வேண்டிய பூவையும் மயிலையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுத் தருபவன். இன்னும் எளிய தமிழில் சொன்னால், அவற்றை வரைந்த இளவரசியின் புருஷன். அவள் வரைவாள், இவன் பேசுவான். பேச்சு வேகத்தில் புது டிசைனைப் போனில் எடுத்துக் காட்டுவான். அடுத்த வாரம் அந்த மயில் வேறு யார் தறியிலாவது தோகை விரித்திருக்கும்.

வேறொருவனாக இருந்தால் வாயைப் பூட்டியிருப்பான். இவன் டிஸ்கைப் பூட்டினான். விண்டோஸ் என்றாலே சன்னல்தானே, திருடன் வேறெந்த வழியாக வருவான் என்று டீக்கடையில் முழங்கிவிட்டு, மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினான். டிஸ்கில் இருப்பது ஒன்றுவிடாமல் குழம்பிப்போகும்படி பூட்டு. சரியான கடவுச்சொல் விழாவிட்டால் உள்ளே இருப்பது வெறும் மணல். மாற்றுச் சாவி ஒன்று போட்டு வைத்துக்கொள்ளவும் அந்தப் பூட்டில் இடமுண்டு. "மாத்துச் சாவி வெக்கறவன் திருடனுக்குத்தான் வெக்கறான்" என்றான். டீக்கடை வியந்தது. டீக்கடைக்கு வேறு வேலை இல்லை.

இளவரசிதான் கடைசியில் சொன்னாள். "பூட்டின அன்னிக்கே சாவியையும் கடைத்தெருவுல சொல்லிட்டு வருவீங்க. கோர்வையா போட்டுக்கலாம். உங்க பாதி நீங்க போடுங்க, எம் பாதி நான் போடறேன்."

கோர்வைப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் இருப்பவர் உடலை நெய்ய, வலப்பக்கம் இருப்பவர் கரைக்கான நூல் கோத்த நாடாவை எறிவார். ஒவ்வொரு இழையிலும் இரண்டு நூலும் சந்தித்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் தினகரனும் இளவரசியும் அப்படித்தான் நெய்தார்கள். அவன் நடுவில், அவள் வலப்பக்கம். பிறகு தறியை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள்.

கடவுச்சொல்லும் அப்படியே ஆயிற்று. முதல் பாதியை அவன் அடிப்பான். "திரும்பிக்கோங்க" என்பாள். முதுகைக் காட்டி நிற்பான். அவள் வலப்பக்கம் வந்து நின்று ஒற்றை விரலால் தன் பாதியை யோசித்து யோசித்து அடிப்பாள். முடிவில் கரப்பான்பூச்சியை நசுக்குவதுபோல என்டரை ஓங்கி ஒரு தட்டு.

பாதுகாப்புப் பித்து அதோடு நிற்கவில்லை. இரண்டு பேர் போனிலும் சேர்ந்த படங்களை ஞாயிறுதோறும் வழித்து டிஸ்கில் கொட்டினான். கல்யாண ஆல்பத்தை 'டிஜிட்டல் மயமாக்கி' விட்டு, தாளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டான்.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரே வாரம். இளவரசி தன் பாதியோடு போய்விட்டாள்.

மாலை போட ஒரு படம் இல்லை. உறவுக்காரர்களின் போனில் இருந்ததெல்லாம் பந்தியில் பரிமாறும் ஒரு கை, அடுப்படிப் பக்கம் திரும்பிய ஒரு முதுகு. கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். ஆதார் படத்தில் யாரும் அவரவராக இருப்பதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் படத்துக்கு முன்னால் கைகூப்பிவிட்டு, "இவங்க யாருப்பா?" என்று காதோடு விசாரித்தார்கள்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் அபிநயா மட்டும் சத்தமாகவே சொன்னாள்: "இது அம்மா இல்லப்பா."

சென்னையிலிருந்து அவன் திரும்பிய அன்றைக்கும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே இப்படி. கை குச்சியாகிவிட்டது.

"ஒரு வாய் சாப்புடு கண்ணு."

"அம்மா மூஞ்சி எனக்கு வரமாட்டேங்குதுப்பா."

"கண்ண மூடு. வரும்."

"மூடிக்கினுதான் இருக்கேன். புடவை வருது. வளையல் வருது. மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல."

தினகரன் எழுந்துபோய் மடிக்கணினியைத் திறந்தான். டிஸ்கைச் செருகினான். நீல விளக்கு எரிந்தது. கடவுச்சொல் கேட்டுச் சின்னப் பெட்டி வந்தது. தன் பாதியை அடித்து, பின்னால் மகள் பெயரைப் போட்டுப் பார்த்தான். தவறு. காமாட்சியைப் போட்டான். தவறு. கல்யாண நாள், அவள் பிறந்த ஊரான தாமல், பிடித்த பூ. தவறு, தவறு, தவறு. டீக்கடையில் உலகையே பூட்டிய மனிதனுக்குத் தன் பெண்டாட்டியின் பாதி என்னவென்று தெரியவில்லை. நெற்றியை மேசையில் முட்டிக்கொண்டு அழுதான்.

அழுது ஓய்ந்ததும் இன்னொரு முறை தன் பாதியை அடித்தான். அதற்குமேல் அடிக்க எதுவும் தோன்றவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். தன்னையறியாமல் எழுந்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்றான்.

தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓட்டு விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

ஈரப் பட்டின் வாசனை வந்தது.

அந்த வீட்டில் பட்டு நனைந்து பல வருஷமாகிறது.

டக்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டக். டக்.

யோசித்து யோசித்து, ஒற்றை விரலில்.

எதிரே பீரோக் கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. பெட்டிக்குள் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. அவன் போட்டு நிறுத்திய இடத்தைத் தாண்டி வளர்ந்தன. நாற்காலியின் வலப்பக்கம் யாரும் இல்லை.

பிறகு, கரப்பான்பூச்சியை நசுக்குவதுபோல ஒரு தட்டு.

டிஸ்க் திறந்துகொண்டது.

அபிநயா அன்று இரண்டு தட்டுச் சோறு தின்றாள். தின்றுகொண்டே பார்த்தாள். ஊஞ்சலில் அம்மா, நாக்கைத் துருத்தும் அம்மா, "சிரிடி கழுதை, காசா பணமா" என்று வீடியோவில் திட்டும் அம்மா. ஒவ்வொரு படத்துக்கும் குழந்தை திரையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தது. தினகரனுக்குப் பயப்பட நேரமில்லை. பசித்த குழந்தை சாப்பிடும்போது தகப்பனுக்கு எந்தப் பேயும் பேயில்லை.

ஆனாலும் அவன் ஆர்க்கிடெக்ட் அல்லவா. உடனே எல்லாவற்றையும் பூட்டில்லாத ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுத்தான். திறந்து பார்த்தான். ஊஞ்சல் இருந்தது. ஊஞ்சலில் ஆளில்லாமல் ஒரு புடவை உட்கார்ந்திருந்தது. புடவைக் கையில் வளையல் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

பென்டிரைவைப் பிடுங்கி எறிந்தான். காலையில் பார்த்தால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் தினமும் திறக்க வேண்டியதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை வந்து சட்டையை இழுக்கும். "அப்பா, அம்மாவ காட்டு." தன் பாதியை அடிப்பான். திரும்பிக்கொள்வான். ஈரப் பட்டு வாசனை வரும். குழந்தையின் கன்னத்தில் சதை பிடித்தது. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடினாளாம். "இன்னாடா மந்திரம் போட்ட?" என்று அலமு வியந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை.

முதலில் அவன் போன் அவனுக்குத் திறக்கவில்லை. விரலை வைத்தால் அதிர்ந்து மறுத்தது. முகத்தைக் காட்டினால் வேறு யாரையோ தேடியது. ரேஷன் கடையில் மெஷின் அவன் கைரேகை பொருந்தவில்லை என்றது. "நெசவு செஞ்ச கை. தேஞ்சிதான் இருக்கும்" என்று கடைக்காரர் சிரித்தார். கண்ணைக் காட்டச் சொன்னார். கண்ணும் பொருந்தவில்லை. கடைக்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

பிறகு டீக்கடை. எத்தனை வருஷம் அவன் உலக விஷயங்களை அளந்து கொடுத்த இடம். மாஸ்டர் டீயை நீட்டிவிட்டுக் கனிவாகக் கேட்டார்: "வெளியூருங்களா? கோயிலுக்கு வந்தீங்களா?"

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

அன்று மாலை படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கை நின்றது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் இளவரசியும் அபிநயாவும் நிற்கும் படம். எடுத்தவன் அவன். அதில் அவன் இருக்க வழியே இல்லை.

இருந்தான்.

இளவரசிக்கு இடப்பக்கத்தில், இப்போது போட்டிருக்கும் அதே கோடுபோட்ட சட்டையில், முதுகைக் காட்டிக்கொண்டு.

ஊஞ்சல் படத்துக்குப் போனான். அதிலும் ஊஞ்சலுக்குப் பின்னால் அந்த முதுகு. நேற்று அது அங்கே இல்லை.

கோர்வை நெய்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழை இங்கே வந்தால், இந்தப் பக்கத்திலிருந்து ஓர் இழை அங்கே போயாக வேண்டும். இல்லாவிட்டால் நெசவு பிரிந்துபோகும். அவள் முகம் ஒவ்வொரு மாலையும் குழந்தைக்கு வந்துகொண்டிருந்தது. என்ன போய்க்கொண்டிருந்தது என்று இப்போது தெரிந்தது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அபிநயா அவனைப் பார்த்துவிட்டு டீச்சரின் பின்னால் ஒளிந்துகொண்டாள். "பாப்பாவுக்கு உங்களத் தெரியலங்கறாளே சார்" என்றாள் டீச்சர். குரலில் இருந்த 'சார்' பாதியில் கெட்டியானது. அலமு வந்துதான் குழந்தையைக் கூட்டிப்போனாள். அவன் பின்னாலேயே நடந்தான். வீட்டு வாசலில் அக்கா திரும்பினாள்.

"யாருப்பா நீ? தெருமொனைலேருந்து பின்னாடியே வர்ற?"

"அக்கா, நாந்தான். தினா."

அவள் அவன் முகத்தில் எதையோ தேடினாள். ஊசியில் நூல் கோக்கிறவள்போலக் கண்ணைச் சுருக்கித் தேடினாள். "ஆமாமா. நீதான். இன்னாவோ... வெயில்ல கண்ணு கட்டிக்கிச்சு" என்றாள். ஆனால் கதவை முழுசாகத் திறக்கவில்லை. அவன் ஒருக்களித்து நுழைந்தான்.

உள்ளே போய் மேசை முன் உட்கார்ந்தான். இன்றோடு முடித்துவிட வேண்டும். அந்தப் பூட்டில் சாவித் துவாரங்களையெல்லாம் அழித்துவிட ஒரு கட்டளை உண்டு. அதன்பின் எந்தப் பாதியும் செல்லாது, பிரம்மாவும் செல்லமாட்டார். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையை அடித்தான். கம்ப்யூட்டர் அவனுடைய சொந்தக் கடவுச்சொல்லைக் கேட்டது. அடித்தான். இது யாரோடும் பங்கு போடாத சொல். முழுசாக அவனுடையது.

திரையில் ஒரு வரி வந்தது. தினகரன் என்பவர் அனுமதி பெற்றோர் பட்டியலில் இல்லை. இந்த நிகழ்வு தெரிவிக்கப்படும்.

லினக்ஸ்காரர்களுக்கு அது பழைய நகைச்சுவை. யாருக்குத் தெரிவிப்பார்கள் என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் டீக்கடையில் சிரித்திருக்கிறான்.

டக்.

வலப்பக்கத்திலிருந்து.

டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடினான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் விலகவில்லை, இடித்துக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சர்வதீர்த்தக் குளத்தின் படியில் போய் நின்றான். தண்ணீரில் எறிவதற்கு எந்தக் கடவுச்சொல்லும் வேண்டாம். கையை ஓங்கினான்.

எறிந்தால் அவன் மிஞ்சுவான். மிஞ்சி, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு குழந்தைக்குத் தகப்பனாக இருப்பான். நேற்று ராத்திரி அவள் சாப்பிடும்போது நிமிர்ந்து அவனைப் பார்த்து, "அங்கிள், இன்னொரு அப்பளம்" என்றாள். நெஞ்சைக் கிழித்த வார்த்தை. ஆனால் அதைச் சொன்ன வாயில் சோறு இருந்தது.

ஓங்கிய கை இறங்கிற்று.

வாழ்நாள் முழுக்க ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் நான்கு பேருக்கு அறிவித்தவன், அந்த முடிவை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் ஆளில்லை. வீட்டுக்குத் திரும்பினான். அபிநயா மேசையருகே காத்திருந்தாள். அவனைப் பார்த்துப் பயப்படவில்லை. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல அவனுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

அவள் தலையைத் தடவினான். தலைமுடி காற்றில் அசைவதுபோல அசைந்தது. டிஸ்கைச் செருகினான். தன் பாதியைப் பிழையில்லாமல், அவசரப்படாமல் அடித்தான்.

"திரும்பிக்கோங்க" என்று காதருகே ஒரு குரல் சொன்னது.

திரும்பிக்கொண்டான்.

விளக்கேற்ற வந்தபோது, இந்த வீட்டுக்குத் தான் எதற்காகத் தினமும் வருகிறோம் என்று அலமு நடையில் நின்று யோசித்தாள். இளவரசியின் குழந்தைக்குச் சோறு போட. அதுவரை சரி. ஆனால் அந்தக் குழந்தை தன்னை ஏன் அத்தை என்று கூப்பிடுகிறது? அத்தையென்றால் ஒரு தம்பி இருந்தாக வேண்டுமே. யோசித்தால் பொட்டில் வலித்தது. விட்டுவிட்டாள்.

மேசைமேல் ஒரு விசிட்டிங் கார்டு கிடந்தது. 'டிஜிட்டல் ஜக்கார்டு ஆர்க்கிடெக்ட்' என்று பொன்னெழுத்தில் பட்டம் இருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

கம்ப்யூட்டரில் ஒரு படம் விரிந்திருந்தது. பழைய தறி ஒன்று. வலப்பக்கம் இளவரசி, நேராகப் பார்த்து, வாய் நிறையச் சிரிப்போடு. நடுவில் ஓர் ஆண்.

"யாரு பாப்பா அது, உங்கம்மா பக்கத்துல?"

"தெரியல அத்தை. எல்லா படத்துலயும் இருக்காரு. திரும்பிக்கினே இருக்காரு. மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாரு."

அந்த நேரத்தில் மின்சாரம் போய் வந்தது. படம் மறைந்து, கடவுச்சொல் கேட்டுச் சின்னப் பெட்டி வந்து நின்றது.

"அய்யோ, பூட்டிக்கிச்சே. எப்டி கண்ணு தொறப்ப?"

"நான் தொறக்க மாட்டேன் அத்தை." அபிநயா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நாம திரும்பிக்கணும். அவ்ளோதான்."

குழந்தை விளையாட்டென்று அலமு சிரித்துக்கொண்டே திரும்பி நின்றாள். எங்கிருந்தோ ஈரப் பட்டின் வாசனை வந்தது.

இடப்பக்கத்தில் வேகமாக, தடதடவென்று யாரோ அடித்தார்கள். நின்றது.

பிறகு வலப்பக்கத்தில். யோசித்து யோசித்து, ஒற்றை விரலில்.

அலமு மெல்லக் கீழே பார்த்தாள். குழந்தையின் இரண்டு கைகளும் அவள் முந்தானையைப் பிடித்திருந்தன.